380 சதுர அடி, 4 பேர்: ஹாலுக்கு சோபா கம் பெட் வாங்கலாமா?

கோடம்பாக்கம்காரி | சனி, காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக நானும் என் கணவரும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோடம்பாக்கத்தில் இரண்டாவது மாடி, வாடகை வீடு, ஒரு பெட்ரூம். விளம்பரத்தில் 600 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். குடிவந்த பிறகு டேப் வைத்து அளந்தோம். படிக்கட்டுப் பங்கு, சுவர் எல்லாம் போக உள்ளே இருப்பது 380 தான். ஹால் 15க்கு 10. பெட்ரூம் 10க்கு 10. சமையலறை 8க்கு 7. ஒரு குளியலறை, ஹாலை ஒட்டி 3 அடி அகல பால்கனி.

நான், கணவர், 7 வயது மகள். கும்பகோணத்தில் தனியாக இருந்த மாமியார் சித்திரையில் இருந்து எங்களோடுதான் இருக்கிறார். 68 வயது, இரண்டு முட்டியும் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இப்போதைக்கு ஹாலில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறார். எனக்கு வாரத்தில் 3 நாள் வீட்டிலிருந்தே வேலை. சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றபடி மீட்டிங் பேசுகிறேன்.

எங்கள் திட்டம் இதுதான். ஹாலுக்கு சோபா கம் பெட், பகலில் சோபா, ராத்திரி அத்தைக்குப் படுக்கை. பெட்ரூமுக்கு, மேல்பலகையைத் தூக்கி அடியில் சாமான் வைக்கும் ஹைட்ராலிக் கட்டில். சாப்பிடவும் வேலை பார்க்கவும் சுவரில் மடங்கும் மேசை. பட்ஜெட் 70,000. வீட்டு ஓனர் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று கணவர் அவசரப்படுகிறார்.

தச்சுப்பட்டறை | சனி, காலை 11:05

அம்மா, 22 வருஷமாக மரவேலை பார்க்கிறேன். சோபா கம் பெட்டும் நிறைய செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் அது மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம்.

முதல் காரணம் உயரம். முட்டி வலி உள்ளவர்கள் சுலபமாக எழுந்திருக்க உட்காரும் இடம் தரையிலிருந்து 18, 19 அங்குலமாவது இருக்க வேண்டும். கடையில் இருக்கும் சோபா கம் பெட் பலவும் 15, 16 அங்குலம்தான். அதுவும் உட்கார்ந்ததும் ஃபோம் 2 அங்குலம் அமுங்கிவிடும். அடியில் இருந்து இழுத்து விரிக்கிற மாடல்களில் சில அதைவிடத் தாழ்வு.

இரண்டாவது, மெத்தையில் வரும் மூட்டு. முதுகுப் பக்கத்தைச் சாய்த்துப் படுக்கையாக்கும் மாடலில் இரண்டு பாகமும் சேரும் கோடு சரியாக நடுமுதுகிலோ இடுப்பிலோ வந்து நிற்கும். விருந்தாளி 2 ராத்திரி படுத்தால் தெரியாது. வருஷம் 365 நாளும் படுக்கிற வயதானவருக்கு அது நரகம்.

மூன்றாவது கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஹால் அகலம் 10 அடி. டிவி மேசை ஒன்றரை அடி. விரித்த சோபா கம் பெட் 6 அடி என்றால் மிச்சம் இரண்டரை அடி. ராத்திரி 2 மணிக்கு லைட் போடாமல் அத்தை பாத்ரூம் போகும் வழி அது.

பெருங்குடி தனிக்கட்டை | சனி, பகல் 12:40

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். பெருங்குடியில் ஒரே அறை கொண்ட வீட்டில் 3 வருஷமாக சோபா கம் பெட்டில்தான் படுக்கிறேன். இரும்பு ஃப்ரேம், 40 டென்சிட்டி ஃபோம். முதுகுவலி ஒன்றும் இல்லை. காலையில் மடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. மடித்துவிட்டால் அறை பெரிதாகிவிடுகிறது, தரையில் யோகா செய்ய இடம் கிடைக்கிறது. சின்ன வீட்டில் இருப்பவனுக்கு அந்த வெற்றுத் தரை எவ்வளவு பெரிய விஷயம் என்று பெரிய வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது.

சுவருக்குள் நிமிர்ந்து போகும் மர்ஃபி கட்டிலையும் யோசிக்கலாம். 1900களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் மர்ஃபி என்பவர் தன் அறைக்காகவே யோசித்த வடிவம் அது. நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

தச்சுப்பட்டறை | சனி, பகல் 1:15

தம்பி, நீங்கள் சொல்வது சரிதான், உங்களுக்கு அது பொருந்தும். படுப்பவரும் மடிப்பவரும் ஒரே ஆள். மர்ஃபி கட்டில் வாடகை வீட்டுக்கு ஆகாது. அதைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். 8க்கு 4 அளவில் 18 எம்எம் ப்ளைவுட் ஒரு ஷீட்டே 35 கிலோ பக்கம் வரும். மெத்தையும் சேர்ந்து எடை முழுக்க போல்ட்டில் நிற்கிறது. செங்கல் சுவர் என்றால் பரவாயில்லை, புது அபார்ட்மெண்ட்களில் வைக்கும் எடை குறைந்த ஏஏசி கல்லில், போல்ட்டைச் சுவருக்குள் பிடித்து நிறுத்தும் சாதாரண ஆங்கர் பிடிக்கவே பிடிக்காது. வேறு ஆங்கர் போட வேண்டும்.

வில்லிவாக்கம் அம்மா | சனி, மாலை 4:30

கோடம்பாக்கம்காரி, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மாமியார் ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பார்? மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்சம் சாய்வாரா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவுக்காக இதே சோபா கம் பெட்டை வாங்கினோம். பார்க்க அழகாக இருந்தது. முதல் மாதம் தினமும் மடித்தேன். அம்மா எட்டரைக்கே படுக்கிறவள். நாங்கள் சாப்பிட்டு டிவி பார்த்து எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். அதுவரை சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். “விரிச்சுத் தரட்டுமாம்மா?” என்று கேட்டால் “இருக்கட்டும்டி, நீங்க பாருங்க” என்பாள். மத்தியானம் சாய வேண்டும் என்றாலும் யாராவது விரித்துத் தர வேண்டும். கேட்க மாட்டாள். நாற்காலியிலேயே கழுத்து சாய்ந்து தூங்குவாள்.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு, அந்த இரண்டடி அகல சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் எல்லோருக்கும் ஹால் பெரிதாக வேண்டும் என்பதற்காக அவளுக்கு என்று இருந்த ஒரே இடத்தைத் தினமும் காலையில் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுவாரமே திவான் கட்டில் வாங்கிவிட்டோம். 6க்கு 3. பகலில் இரண்டு திண்டு சாய்த்து வைத்தால் மூன்று பேர் உட்காரலாம். எப்போது வேண்டுமானாலும் அவள் படுக்கலாம். எதையும் மடிக்க வேண்டாம்.

கோடம்பாக்கம்காரி | சனி, இரவு 9:20

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அத்தையும் எட்டரைக்கே படுக்கிறவர்தான். மத்தியானம் சாய்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டிலேயே வேலை பார்க்கிறேன், கவனித்ததில்லை. இன்றைக்கு அவரிடமே கேட்டேன். “ஊர்ல சாய்வேன்” என்றார்.

தச்சுப்பட்டறை | ஞாயிறு, காலை 7:50

அப்போது திவான் என்றே வைத்துக்கொள்வோம். வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காசு செலவே இல்லை. பழைய செய்தித்தாளை ஒட்டி 6க்கு 3 அளவில் வெட்டி ஹால் தரையில் போடுங்கள். மேசைக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. மூன்று நாள் அப்படியே நடமாடுங்கள். யார் எங்கே மிதிக்கிறீர்கள், எந்தத் தாள் கசங்குகிறது என்று பாருங்கள். கசங்குகிற இடத்தில் சாமான் வரக்கூடாது.

கதவு திறக்கும் வளைவையும் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். பீரோ வைக்கிறவர்கள் மறக்கிற விஷயம் இதுதான். 3 அடி அகல பீரோவின் ஒவ்வொரு கதவும் முன்னால் ஒன்றரை அடி தள்ளி வரும். டிராயர் வைத்த கட்டிலுக்கும் அதே கதை. உள்ளே டிராயர் ஓடுகிற இரும்புச் சேனல் 20 அங்குலம் போட்டிருந்தால் வெளியே 20 அங்குலம் வரும், அதற்கும் மேல் ஆள் குனிய இடம் வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க வாங்கிய டிராயரைப் பாதிதான் திறக்க முடிகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரி தரைத்தளம் | ஞாயிறு, காலை 10:35

ஹைட்ராலிக் கட்டில் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, யோசித்து வாங்குங்கள்.

எங்கள் வீடு தரைத்தளம். 2015 டிசம்பரிலும் தண்ணீர் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வந்தது. இரண்டாம் தடவை வந்தபோது வீட்டில் இருந்தது அடி முழுக்கப் பெட்டியாக மூடிய கட்டில். பார்ட்டிகிள் போர்டு. கால் கிடையாது, பெட்டியே தரையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே குளிர்காலப் போர்வை, பட்டுப்புடவை, குழந்தைகளின் பழைய துணி, ஒரு ஃபைலில் சான்றிதழ். தண்ணீர் வடிந்த பிறகு திறக்கவே முடியவில்லை. பலகை பிஸ்கட் மாதிரி ஊதி, கீல் இருந்த இடம் பொடியாக உதிர்ந்தது. பக்கத்திலேயே இருந்த என் மாமனாரின் தேக்குக் கட்டில், நான்கு காலில் நிற்பது, துடைத்து நிழலில் காயவைத்ததும் பழையபடி ஆகிவிட்டது.

நீங்கள் இரண்டாவது மாடி, வெள்ளம் வராது. ஆனால் ஈரம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் மூடிய பெட்டிக்குள் போனால் வெளியே வராது. துணியில் கறுப்புப் புள்ளி பிடிக்கும். மூடிய பெட்டிக் கட்டில்தான் வாங்குவேன் என்றால் பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டை வைக்கச் சொல்லுங்கள், சுவரிலிருந்து 2, 3 அங்குலம் தள்ளிப் போடுங்கள், மழைக்காலத்தில் வெயில் வரும் நாளில் திறந்து வையுங்கள்.

திருவான்மியூர் காற்று | ஞாயிறு, காலை 11:10

கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகும் தூரம். ஹைட்ராலிக் பம்பின் தண்டில் உப்புக்காற்று பட்டு இரண்டே வருஷத்தில் துரு. மூடியைத் தூக்கினால் பாதியில் நிற்கிறது, கையை எடுத்தால் இறங்குகிறது. என் மகன் உள்ளே கையை விட்டிருந்த நேரத்தில் ஒரு தடவை இறங்கியது. நல்லவேளை, மெத்தை எடுத்திருந்தோம். அன்றிலிருந்து ஒரு கட்டையை முட்டுக் கொடுக்காமல் யாரும் திறப்பதில்லை. குழந்தை இருக்கிற வீடு என்பதால் சொல்கிறேன்.

தச்சுப்பட்டறை | ஞாயிறு, பகல் 12:20

அந்தப் பம்ப் உள்ளே அடைத்த வாயுவால் வேலை செய்வது. நாள் ஆக ஆக வாயு குறையும். மேலே நியூட்டன் கணக்கில் ஒரு எண் போட்டிருப்பார்கள். 10 நியூட்டன் ஏறக்குறைய 1 கிலோ தூக்கும் சக்தி. கட்டில் மூடியையும் மெத்தையையும் எடை போட்டுப் பார்த்து அதற்கு ஏற்ற பம்ப் போட வேண்டும். கடையில் மெத்தை இல்லாமல் தூக்கிக் காட்டுவார்கள், விரலால் தூக்கலாம் போல் இருக்கும். வீட்டில் மெத்தையைப் போட்டதும் கதை வேறு. உங்கள் மெத்தையின் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

பலகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் படாத இடத்தில், எடை இல்லாத ஷெல்ஃபுக்குச் சரி. கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட ஸ்க்ரூ பிடிப்பு போய்விடும், வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய குறை. ப்ளைவுட்டில் ஐஎஸ் (இந்தியத் தர எண்) 303 எம்ஆர், அதாவது ஈரம் ஓரளவு தாங்கும் என்று முத்திரை இருப்பது சாதாரண உள் உபயோகத்துக்கு. ஐஎஸ் 710 என்பது மரைன் ப்ளை, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிற தரம். கட்டிலுக்கு 710 போட்டால் நிம்மதி. பட்டறையில் சந்தேகம் வந்தால் ஒரு துண்டை அறுத்துச் சில மணி நேரம் கொதிக்க விடுவோம். ஓரத்தில் அடுக்கு பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். நீங்களும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக் குக்கரில் போட்டுப் பார்க்கலாம்.

பெரம்பூர் குவார்ட்டர்ஸ் | ஞாயிறு, இரவு 8:05

இந்த இழையைப் படிக்கப் படிக்க என் சின்ன வயது ஞாபகம். பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒரு கூடம், ஒரு அறை, 7 பேர். எங்கள் வீட்டில் தனி வேலைக்கு என்று ஒரு சாமானும் கிடையாது. கூடத்தில் ராத்திரி பாய் விரித்தால் படுக்கை அறை. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் சாப்பாட்டு அறை. அம்மாவின் தையல் மெஷின், காலால் மிதிக்கிறது, மெஷினை உள்ளே கவிழ்த்து மேல் பலகையை மூடினால் அதுதான் எனக்குப் படிக்கிற மேசை. பத்தாவது வரை அதில்தான் எழுதினேன். கால் வைக்கும் இரும்பு மிதியை ஆட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வேன்.

நான் சொல்ல வந்தது டிரங்குப் பெட்டி. அப்பாவிடம் மூன்று இருந்தன. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருப்போம். ஒன்றில் பாத்திரம், ஒன்றில் கொலு பொம்மை, ஒன்றில் கம்பளி, பத்திரம். நவராத்திரி வந்தால் பொம்மைகளை எடுத்துவிட்டு அதே பெட்டிகளை அடுக்கி, கீழே ஒரு பலகை போட்டு, மேலே அப்பாவின் வெள்ளை வேட்டியை இழுத்து மடிப்பு விழாமல் நான்கு மூலையிலும் ஊக்கு குத்தினால் மூன்று படி கொலு தயார். கீழ்ப்படி பலகை, நடுவில் ஒரு பெட்டி, மேல்படிக்குப் பெட்டிமேல் பெட்டி. வேட்டியை இழுத்துக் குத்துவது என் வேலை. தளர்ந்திருந்தால் செட்டியார் பொம்மை சாயும்.

கோடம்பாக்கம்காரி, காலோடு இருக்கிற திவான் வாங்குங்கள். பெட்டி வைத்த திவான் வேண்டாம். அடியில் டிரங்குப் பெட்டி வையுங்கள். இழுத்தால் வரும், கீழே துடைப்பம் போகும், காற்றுப் போகும். வீடு மாறும்போது சாமானைப் பெட்டியோடு அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். 11 மாத அக்ரிமெண்ட்டில் இருக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தச்சுப்பட்டறை | திங்கள், காலை 6:40

பெரம்பூர் அம்மா சொன்னது அருமையான யோசனை. அளவு போட்டுப் பார்த்தேன். 4 அங்குல மெத்தையோடு மேல்மட்டம் 19 அங்குலம் என்று வைத்தால் பலகை 15 அங்குலத்தில் நிற்கும். குறுக்குக் கட்டையும் பலகையும் போக அடியில் பன்னிரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். டிரங்குப் பெட்டி 12 அங்குல உயரம், 30க்கு 18 என்று பார்த்து வாங்கினால், 30 அங்குலத்தை உள்பக்கமாகத் தள்ளி மூன்று பெட்டி வரிசையாக வைக்கலாம். திவான் நீளம் 72, மூன்று பெட்டி 54. மிச்ச இடத்தில் செருப்பு ஸ்டாண்டை மட்டும் வைத்துவிடாதீர்கள், அத்தை இறங்குகிற இடம்.

இன்னொன்று. திவானை ஒரே துண்டாகச் செய்தால் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டும். தலைப்பக்கம், கால்பக்கம், பக்கச் சட்டம், பலகை என்று போல்ட்டில் கழற்றுகிற மாதிரி கேளுங்கள். படிக்கட்டு அகலத்தை இன்றைக்கே அளந்து வையுங்கள்.

பெருங்குடி தனிக்கட்டை | திங்கள், காலை 9:15

ஒப்புக்கொள்கிறேன், உங்கள் வீட்டுக்குத் திவான்தான். மேசைக்கு என் யோசனை: ஓனர் அனுமதிக்கவில்லை என்றால் சுவர் மேசையை விடுங்கள். இரண்டு பக்கமும் பலகை தொங்கும் மேசை கிடைக்கிறது. மடித்தால் ஓரடி அகலம், ஒரு பக்கம் தூக்கினால் ஒருவர் வேலை பார்க்கலாம், இரண்டு பக்கமும் தூக்கினால் நான்கு பேர் சாப்பிடலாம். அடியில் சக்கரம் இருந்தால் பூட்டு உள்ளதா என்று பாருங்கள். டைப் அடிக்கும்போது மேசை நகர்ந்தால் பைத்தியம் பிடிக்கும்.

வில்லிவாக்கம் அம்மா | திங்கள், காலை 11:50

அந்த மேசை நல்லது. ஆனால் இரண்டு பக்கமும் எப்போதும் தூக்கியபடியே இருக்கப் போகிறது என்றால் மடக்கு மேசைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண். எங்கள் வீட்டில் வாங்கிய ஆறு பேர் மடக்கு மேசை நான்கு வருஷமாக விரிந்தேதான் கிடக்கிறது, மேலே அயர்ன் செய்யாத துணி. மடிக்க வேண்டும் என்றால் முதலில் மேலே இருப்பதை எடுக்க வேண்டும், எடுத்ததை வைக்க இடம் வேண்டும். அந்த இடம் இருந்திருந்தால் மேசையில் ஏன் வைக்கிறோம்?

யார் மடிக்கப் போகிறீர்கள் என்று இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். எல்லா மடக்குச் சாமானும் கடைசியில் பெண்கள் தலையில் விழுகிறது. சோபா மடிப்பது, மேசை மடிப்பது, பாய் சுருட்டுவது. ஆண்கள் “எவ்வளவு இடம் மிச்சம் பாரு” என்கிறார்கள்.

நாற்காலிக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிற பிளாஸ்டிக் ஸ்டூல் நான்கு போதும். அத்தைக்கு மட்டும் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று. கைப்பிடியை ஊன்றித்தான் அவரால் எழுந்திருக்க முடியும்.

கோடம்பாக்கம்காரி | வியாழன், இரவு 10:05

மூன்று நாள் செய்தித்தாள் போட்டு நடந்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், டிவிக்கு எதிரே திவான் என்று நாங்கள் முடிவு செய்திருந்த இடத்துத் தாள்தான் முதல் நாளே கிழிந்தது. சமையலறையிலிருந்து பாத்ரூமுக்கு எல்லோரும் குறுக்கே போகிற வழி அது. பால்கனிப் பக்க மூலையில் போட்டிருந்த தாள் மூன்று நாளும் மடிப்புக் கலையாமல் இருந்தது. காற்றும் அங்கேதான் வருகிறது. அத்தை இரண்டாம் நாள் மத்தியானம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தாளின் மேல் போட்டு உட்கார்ந்திருந்தார். இடம் முடிவாகிவிட்டது.

ஒரு சந்தேகம். ஹாலில் படுக்கிறவருக்குக் கொஞ்சம் மறைவு வேண்டாமா? திரை போட ராடு மாட்ட வேண்டும், அதற்கும் ஓட்டை.

தச்சுப்பட்டறை | வெள்ளி, காலை 6:55

திவானின் கால்பக்கத்தில் 3 அடி நீளம், 1 அடி ஆழம், 4 அடி உயரத்தில் ஒரு ஷெல்ஃப் நிறுத்துங்கள். சுவருக்குச் செங்குத்தாக. படுத்திருப்பவரை வாசல் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது, மேலே காற்று தடையில்லாமல் போகும். கீழ் இரண்டு தட்டு உங்கள் பக்கம் திறந்து பாப்பாவின் புத்தகம், மேல் தட்டு அத்தை பக்கம் திறந்து மருந்து, கண்ணாடி, ரேடியோ. மேசையை ஷெல்ஃபின் இந்தப் பக்கம் ஒட்டிப் போட்டால் உங்களுக்கு முதுகுக்குப் பின்னால் மறைப்பு, மீட்டிங்கில் கட்டில் தெரியாது.

தனியாக நிற்கும் ஷெல்ஃபைக் குழந்தை பிடித்து ஏறினால் கவிழும். சுவரில் ஆணி அடிக்க முடியாது என்பதால் திவான் சட்டத்தோடு இரண்டு போல்ட் போட்டு இணைத்துவிடுங்கள். கனமான சாமானைக் கீழ்த் தட்டில் வையுங்கள்.

பாப்பா பெரிதானதும் அடுக்குக் கட்டில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் பெட்ரூமின் நடுவில் ஃபேன் ஓடுகிறது. கூரை 9, 10 அடி, ஃபேன் இறக்கை அதிலிருந்து ஓரடி கீழே. மேல்தட்டில் உட்கார்ந்து கையைத் தூக்கினால் எங்கே போகும் என்று அளந்து பார்க்காமல் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். இழுத்துப் போடுகிற சின்னக் கட்டிலை உங்கள் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம், இரண்டரை அடி அகலம் போதும். அதற்குத்தான் ஹைட்ராலிக் பெட்டியை விட்டுவிடச் சொல்கிறேன்.

கோடம்பாக்கம்காரி | புரட்டாசி, சனி, மாலை 5:30

பாதியில் விட்டுப் போய்விட்டேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடித் தள்ளுபடியில் ஒன்றும் வாங்கவில்லை. சைடனாம்ஸ் சாலையில் ப்ளைவுட் நாங்களே பார்த்து எடுத்தோம், 710 முத்திரை. ஒரு துண்டு வாங்கிக் குக்கரில் போட்டேன், பிரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தச்சர் திவானும் ஷெல்ஃபும் செய்து தந்தார், மைக்கா, மெத்தை எல்லாம் சேர்த்து 41,000. மேசை 9,500. டிரங்குப் பெட்டி மூன்று, ஸ்டூல் நான்கு. பெட்ரூமில் பழைய கட்டிலையே வைத்துக்கொண்டோம். அடியில் இழுக்கும் கட்டில் தை மாதத்துக்குத்தான் சொல்லியிருக்கிறோம். பட்ஜெட்டுக்குள் முடிந்துவிடும்.

முதல் தடவை தச்சர் திவானை 17 அங்குலத்தில் செய்துவிட்டார். அத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, எழுந்திருக்கும்போது ஷெல்ஃபைப் பிடித்தார். உடனே காலுக்கு அடியில் இரண்டு அங்குலக் கட்டை வைத்து போல்ட் போடச் சொன்னோம். இப்போது கையை எதிலும் ஊன்றாமல் எழுந்திருக்கிறார். அதனால் பெட்டியும் தாராளமாக உள்ளே போகிறது.

ஓனர் வந்து பார்த்தார். ஒரு ஓட்டைகூட இல்லை என்றதும் அவராகவே, மேசை விளக்குக்கு ஒரே ஒரு கொக்கி வேண்டுமானால் அடித்துக்கொள் என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறதே.

மேசையைக் கணவர்தான் மடிக்கிறார். ராத்திரி சாப்பிட்டதும். வில்லிவாக்கம் அக்கா சொன்னதைப் படித்துக் காட்டினேன்.

ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் 7 அங்குலம் சும்மா கிடக்கிறது. அங்கே என்ன வைக்கலாம்?

பெரம்பூர் குவார்ட்டர்ஸ் | புரட்டாசி, சனி, மாலை 6:10

ஃப்ரிட்ஜ் ஓரத்தில் சூடு வெளியே போக இடம் விட வேண்டும், அடைக்காதீர்கள். வேண்டுமானால் மடக்கிய ஏணியைச் சாய்த்து வையுங்கள், பரணில் ஏற வேண்டுமே. அதை விடுங்கள், நவராத்திரிக்கு எத்தனை படி?

கோடம்பாக்கம்காரி | புரட்டாசி, சனி, மாலை 6:25

மூன்று படி. அத்தை கும்பகோணத்திலிருந்து பொம்மைகளை வரவழைத்துவிட்டார். மாமாவின் வேட்டி ஒன்றைக் கஞ்சி போட்டு உலர்த்தியிருக்கிறோம். ஊக்கு குத்துவது என் மகள்.